நெடி வராத மிளகாய்

அத்தியாயம் 7

என் பையில் ஒரு துண்டு இருந்தது. நேற்று மதியம் வரை அது சடையன் என்பவரின் தோளில் கிடந்தது. நாற்பது பேர் பார்க்க அதை உருவியவன் நான்தான்.

"டீ ஆறுது, வேடி," என்றார் கோதண்டராமன். திருவண்ணாமலை டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம்.

வேலூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர் அவர். வேடியப்பன் ஆகிய நான் அவருடைய உதவியாள். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். இப்படித்தான் எங்கள் வண்டி ஆறு வருடமாக ஓடுகிறது. நேற்று அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போக வேண்டியிருந்ததால், யோசிக்கிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அதன் பலனைத்தான் இன்று காலையிலிருந்து மென்று கொண்டிருக்கிறேன்.

"நீ நேத்து செஞ்சதை முதல்லேருந்து சொல்லு," என்றார். இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

சொன்னேன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் இன்ஜினியர் ராஜமாணிக்கத்தின் மின்சார ஷெட் இருக்கிறது. விமானப்படை ஏலத்தில் எடுத்த சின்ன டர்பைன் ஒன்று அங்கே மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அது துப்புகிற சூட்டுக் காற்றை வீணாக்காமல் பக்கத்து அடுப்புக்குள் விட்டு, அதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலையும் உமியையும் எரிக்கிறார்கள். அந்த நீராவியில் இன்னொரு சக்கரம் சுற்றுகிறது. குப்பைக்குப் போகிற தோலில் கரண்ட்! ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் டர்பைனைப் பெரியவன் என்றும் அடுப்பைச் சின்னவன் என்றும் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் சின்னவன் மூச்சடைத்துப் படுத்துவிட்டான். அடுப்பின் கம்பித் தட்டு முழுக்கச் சாம்பல் உருகி, கண்ணாடிக் கட்டியாக இறுகிக் கிடந்தது. யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள் என்று எங்களை வரவழைத்தார் ராஜமாணிக்கம். சென்னையிலிருந்து அதிகாரிகள் ஷெட்டைப் பார்க்க வர நான்கு நாள்தான் பாக்கி.

"மண்பாண்டச் சூளையில உப்பு போட்டா கண்ணாடி மாதிரி மினுங்கும்னு எனக்குத் தெரியும் சார். அடுப்புக்குப் பின்னால தேடினேன். அரை மூட்டை கல்லுப்பு. அடுப்புல தோல் அள்ளிப் போடறவரு சடையன். அவரு துண்டு முனையில முடிச்சு இருந்துது. இழுத்துப் பிரிச்சேன். உள்ள கல்லுப்பு."

"உப்பு மட்டுந்தானா?"

"மூணு காஞ்ச மிளகாயும் இருந்துது. வீட்டுக் கொழம்புக்குன்னு விட்டுட்டேன்."

கோதண்டராமன் கண்ணை மூடிக்கொண்டார். பல் வலியா, என் மேல் வலியா, தெரியவில்லை.

"அவரு இன்னா சொன்னாரு?"

"'நான் கெடுக்கலீங்க'ன்னு ஒரே ஒரு தடவை. அப்புறம் இன்ஜினியரை ஒரு பார்வை பார்த்தாரு. தலையைக் குனிஞ்சுகிட்டாரு. குத்தம் செஞ்சவன் தரையைப் பார்ப்பான்னு..."

"யார் சொன்னா?"

"நானே சொல்லிக்கிட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் சகாதேவன் சடையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இன்று நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்று அந்த ஜீப் கிளம்பியபோது நான் மீசையைத் தடவினேன். இப்போது அந்த மீசையை எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

"எழுந்திரு. கட்டியைப் பார்க்கணும்."

ஷெட் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு. 'இங்கே பூசணிக்காய், படிகாரம் கட்டாதீர். இது விஞ்ஞானக் கூடம்.' முதல் மாதம் கொத்தனார் கட்டிய திருஷ்டிப் பூசணியை ராஜமாணிக்கம் தானே ஏணி வைத்து ஏறி அறுத்துப் போட்டாராம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினாராம்.

அவரே எதிரே வந்தார். முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண்.

"சடையன் இப்படிச் செய்வான்னு நான் நினைக்கவே இல்ல சார்," என்றார் கோதண்டராமனிடம். சொல்லும்போது அவர் பார்த்தது டர்பைனின் மீட்டர் முள்ளை. அது அப்போது ஓடவே இல்லை.

கோதண்டராமன் அடுப்புக்குள் தலையை விட்டார். சுத்தியால் தட்டி ஒரு துண்டை உடைத்தெடுத்து வெயிலில் பிடித்தார்.

"வேடி, இதை எண்ணு."

உடைந்த பக்கத்தில் அடுக்கு அடுக்காகக் கோடுகள். எண்ணினேன். பதினொன்று.

"அடியில எப்படி இருக்குது?"

"வெங்காயத் தோல் மாதிரி சார்."

"மேல?"

"என் கட்டை விரல் தண்டி."

"கெடுக்கணும்னு வர்றவன் இன்னா பண்ணுவான்? அரை மூட்டையையும் ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடுவான். இவன் முதல் நாள் ஒரு சிட்டிகை போட்டிருக்கான். அடுத்த நாள் கொஞ்சம் ஜாஸ்தி. பதினோரு நாளா ஏத்திக்கினே போயிருக்கான். கெடுக்கறவனுக்கு இவ்ளோ பொறுமை ஏது?"

இந்த அடுப்புக்குள் நேற்று நானும்தான் தலையை விட்டேன். கட்டியைப் பார்த்தேனே தவிர கோட்டைப் பார்க்கவில்லை.

"நூல் ஒண்ணுதான் இருக்குது," என்றார் அவர். "நீ கொழம்புக்கு விட்ட மூணு மிளகாய்."

சடையன் மிளகாய் வாங்குவது திருவண்ணாமலை தேரடி வீதியில் பச்சையம்மாள் கடையில் என்று ஷெட் ஃபிட்டர் சொன்னார். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. வாசலில் மரப்பெட்டி நிறையக் கல்லுப்பு, மேலே ஒரு படி. உள்ளே மிளகாய் மூட்டைகள். சடையன் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த ஆளா? வரட்டும், பேசிக்கறேன்! இருவது வருசமா யாவாரம் பண்றேன். எங்க கடை மிளகாயில நெடி இல்லன்னு திருப்பிக் குடுத்த ஒரே ஆளு அவருதான்!"

கோதண்டராமனின் வீங்கின கன்னத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"காரம் இல்லன்னாரா, நெடி இல்லன்னாரா?"

"நெடிங்க! 'நெருப்புல போட்டா நெடியே வரலம்மா, வேற குடு'ன்னாரு. குண்டு மிளகாய் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அதையும் தூக்கினு வந்தாரு. 'இதுலயும் வரல'ன்னாரு. இங்கயே கரி அடுப்புல ஒண்ணைப் போட்டுக் காட்டினேன். வீதியே இருமுச்சு. தேர்முட்டிகிட்ட நின்ன மாடுகூட இருமுச்சு! அந்த மனுசன் மட்டும் மலைச்சுப் போயி நின்னாரு. 'அப்போ கண்ணுதான் பலமா இருக்குது'ன்னு மொனகினாரு. இன்னும் ரெண்டு படி உப்பு வாங்கினு போனாரு."

வெளியே வந்ததும் கோதண்டராமன் என்னைப் பார்த்தார்.

"உப்பையும் மிளகாயையும் சுத்தி நெருப்புல போடுவாங்க. நெடி வந்தா?"

"கண்ணு இல்லன்னு அர்த்தம் சார்."

"வரலன்னா?"

"திருஷ்டி பலமா இருக்குதுன்னு... ஐயோ!" நடுவீதியில் நின்றுவிட்டேன். "நெடி வர்ற வரைக்கும் ஏத்திக்கினே போயிருக்காங்க!"

"அந்த அடுப்புல நெடி எப்படி வரும்? பெரியவன் ஊதற ஊதலுக்குப் புகைபோக்கி எல்லாத்தையும் உறிஞ்சி வானத்துக்கு அனுப்பிடுது. ஒரு வண்டி மிளகாய் கொட்டினாலும் கீழ நிக்கறவனுக்குத் தும்மல் வராது. மெஷினுக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு பதினோரு நாளா உப்பு போட்டு, மெஷினையே சாகடிச்சிருக்காங்க. கெடுக்க வந்தவன் இல்லடா. காப்பாத்த வந்தவன்."

நன்றாக வாழ வேண்டும் என்று கும்பிட்டவரைத்தான் நான் திருடனைப் போல நிறுத்தியிருக்கிறேன். தோளில் தொங்கிய பை திடீரென்று கனத்தது.

"அப்போ சடையன் இதைச் சொல்லிட்டிருக்கலாமே சார்? 'சுத்திப் போட்டேன்'னு ஒரு வார்த்தை. யாரு அவரைத் தப்பாப் பேசப் போறாங்க?"

கோதண்டராமன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். "அதான் கேள்வி. சுத்திப் போடறது சடையனுக்கு அவமானம் இல்ல. அந்த ஷெட்டுல யாருக்கு அவமானம்?"

வாசலில் இருந்த போர்டு என் கண் முன்னால் வந்தது. பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. ராஜமாணிக்கத்திடம் கோதண்டராமன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உப்போட மிளகாயும் போட்டிருக்காங்கன்னு ஒரு சந்தேகம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"மிளகாயா?" ராஜமாணிக்கம் சிரிக்கப் பார்த்தார். "அடுப்புல மிளகாய் விழுந்தா ஷெட்டே இருமியிருக்கும் சார். இங்க ஒருத்தரும் இருமல. அப்படி எதுவும் நடக்கல."

"நியாயம்," என்றார் கோதண்டராமன். "பெரியவனைக் கொஞ்சம் ஓட்டுங்க. கட்டிக்கு மேலயே ரெண்டு கூடை தோல் போட்டுப் பத்த வைக்கலாம். எல்லாரையும் கூப்பிடுங்க."

தோல் சலிக்கும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஃபிட்டர் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். நேற்று நின்ற அதே நாற்பது பேர். என்னைப் பார்த்ததும் முன்வரிசையில் நின்ற மணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ள வேண்டிய முகம்தான் என்னுடையது.

டர்பைன் ஊளையிட ஆரம்பித்தது. காதில் வேறெதுவும் விழவில்லை. அடுப்பில் தோல் குபுகுபுவென்று பற்றியது. கோதண்டராமன் பச்சையம்மாள் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு கை நிறையக் குண்டு மிளகாய். எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். பிறகு நெருப்பில் வீசினார்.

முந்தானைகள் மூக்குக்குப் போயின. துண்டுகள் வாய்க்குப் போயின. ஃபிட்டர் நான்கடி பின்னால் ஓடினார். நான் சட்டைக் காலருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டேன்.

ஒரே ஒருவர் கையைக்கூட அசைக்கவில்லை. பார்வை மட்டும் நெருப்பில் இருந்தது.

ராஜமாணிக்கம்.

நெடி வரவில்லை. ஒவ்வொருவராக முந்தானையை இறக்கி, ஆச்சரியமாக மோந்து பார்த்தார்கள். கோதண்டராமன் கையைக் காட்ட, டர்பைன் அடங்கியது.

"சார்," என்றார் அவர் மெதுவாக, "மிளகாய் விழுந்தா ஷெட்டே இருமும்னு அஞ்சு நிமிஷம் முன்னால சொன்னீங்க. அதை நம்பினவங்க எல்லாம் மூக்கைப் பொத்தினாங்க. நீங்க பொத்தல. இந்த அடுப்புல நெடி வராதுன்னு உங்களுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்."

ராஜமாணிக்கம் அப்படியே தோல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சட்டையில் கரி அப்பியது.

"பேப்பர்ல ஷெட்டு போட்டோ வந்த அன்னிக்கே பெல்ட் அறுந்துது," என்றார் கடைசியில். "அப்புறம் பஸ் பஸ்ஸா வந்து பார்த்தாங்க. ஒவ்வொருத்தரும் 'அடேயப்பா'ன்னாங்க. ஒவ்வொரு அடேயப்பாவுக்கும் ஒரு நட்டு கழண்டுது. சின்ன வயசுல எங்கம்மா சுத்திப் போடுவாங்க... ஒரு நாள் காலையில சடையன்கிட்ட உப்பு வாங்கிவரச் சொன்னேன். நானே சுத்திப் போட்டேன். நெடி வரல. பயம் ஜாஸ்தி ஆயிடுச்சு."

"புகைபோக்கி இழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அதைக் கட்டினதே நீங்கதானே?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்க வேண்டாம்.

"பயந்தவனுக்குப் படிச்சது எங்கங்க ஞாபகம் வருது?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உப்புனாலதான் கெட்டுதுன்னு நேத்து நீங்க சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சுது. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். வாசல்ல இருக்கிற போர்டு ஞாபகம் வந்துது. அந்தப் பூசணிக்காய் ஞாபகம் வந்துது. ஒரு நிமிஷம் கழிச்சு சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள ஜீப் கிளம்பிடுச்சு. எனக்காக அந்த மனுசன் தலை குனிஞ்சாரு. நான் டர்பைனைப் பார்த்துக்கினு நின்னேன்."

மணியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

ஸ்டேஷனை அடைந்தபோது மணி மூன்றே முக்கால். சடையனை ஜீப்பில் ஏற்றுவதற்காக வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். ராஜமாணிக்கம் இன்ஸ்பெக்டர் சகாதேவனின் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சகாதேவன் அவரைப் பார்த்துவிட்டு என்னை நீளமாகப் பார்த்தார்.

"துப்பறியறவரே, நல்லாத் துப்பறிஞ்சீங்க," என்றார். வழக்கமாக நான் சொல்ல வேண்டிய நக்கல். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிகிறது.

வராந்தாவில் சடையன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெற்றுத் தோள். பையிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மன்னிச்சுடுங்கண்ணே. நான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் துண்டைப் பார்த்தார். வாங்கவில்லை.

"ஏண்ணே ஐயா பேரைச் சொல்லல?"

"படிச்ச மனுசன். மேடையில அப்படிப் பேசிட்டு, நாலு பேரு முன்னால அசிங்கப்படணுமா? ரெண்டு நாள்ல அவரே சொல்லிடுவாருன்னு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. "தம்பி, இதை நாலு பேரு முன்னால எடுத்தீங்க. யாரும் இல்லாத இடத்துல குடுக்கறீங்களே."

துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஷெட்டுக்குப் போலாம்ணே," என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நேற்று அவரை நிறுத்திய அதே இடத்தில், அடுப்புக்கு முன்னால் நின்றேன்.

"நேத்து நான் சொன்னது பொய். இவரு எதையும் கெடுக்கல. நான் சரியாப் பார்க்காம இவரை அவமானப்படுத்தினேன். தப்பு என்னுதுதான்."

பேச்சுதான் என் தொழில். இவ்வளவு சின்னப் பேச்சுக்கு இவ்வளவு மூச்சு வாங்கியதில்லை. துண்டை நீட்டினேன். சடையன் எண்ணுவதுபோல எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகுதான் வாங்கினார்.

தோளில் போடவில்லை. முனை முடிச்சைத் தடவினார். நேற்று நான் பிரித்துப் பார்த்துவிட்டு, சாட்சிப் பொருள் என்று அப்படியே திரும்பக் கட்டி வைத்திருந்தேன். உப்பும் மூன்று மிளகாயும் உள்ளேயே இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, இங்க வந்து நில்லுங்க. கிழக்கால பார்த்து."

ராஜமாணிக்கம் நாற்பது பேரையும் பார்த்தார். வாசல் போர்டை ஒரு முறை பார்த்தார். வந்து நின்றார். சடையன் அவர் தலையைச் சுற்றி மூன்று முறை சுற்றினார். யாரும் சிரிக்கவில்லை. நேராக அடுப்பை நோக்கி நடந்தார்.

"அங்க மட்டும் வேணாம்!" என்று கோதண்டராமன் பல் வலியையும் மறந்து கத்தினார்.

சடையன் சிரித்துவிட்டார். ஷெட்டுக்கு வெளியே பெண்கள் டீ காய்ச்சும் மூன்று கல் அடுப்புக்குப் போய், கங்கில் போட்டார்.

உப்பு படபடவென்று வெடித்தது. அடுத்த நொடி வந்தது பச்சையம்மாள் கடை நெடி. ஃபிட்டர் இருமினார். மணியம்மாள் இருமிக்கொண்டே, "வந்துடுச்சுய்யா! கண்ணு கழிஞ்சுது!" என்றாள். கோதண்டராமன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தும்மினார். ராஜமாணிக்கம் இந்த முறை மூக்கைப் பொத்திக்கொண்டார். சடையன் துண்டை உதறித் தோளில் போட்டு, அதன் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டியை உடைக்கக் கடப்பாரை எங்கே என்று தேடப் போனார்.

அங்கே இருந்த எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. என் கண்ணிலும் கொட்டியது. மிளகாய்தான் காரணம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை.